மூலையில் இருந்த சாம்பல் எழுத்து

அந்தப் படத்தின் வலது மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. அதை அழித்தவன் நான். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மற்றதை எழுதக் கை வரும் என்று நினைத்தேன். இன்னும் வந்தபாடில்லை. மகளின் பெயர் செல்போனில் ஒளிர்ந்தால் இப்போதும் இரண்டு மணி விட்டுத்தான் எடுக்கிறேன்.

கடத்தூரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காது குத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கு எது நடந்தாலும் அது என் மிஷின் வழியாகத்தான் ரோட்டுக்கு வரும். முகம் கருத்திருந்தால் வெளுப்பேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் எடுப்பேன். தோளில் வேறு யாருடைய கையாவது கிடந்தால் அந்தக் கையை வெட்டிவிடுவேன். படத்தின் ஓரத்தில் ஸ்டுடியோ பெயரோ தேதியோ இருந்தால் துடைத்துவிடுவேன். யோசித்துச் செய்கிற காரியமில்லை இது. கண் ஓரத்துக்குப் போகும், கை பின்னாலேயே போகும்.

நான் தருமபுரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். அந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு தைரியம்தான். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இன்ஜினியரிங் வேண்டாம், இயற்பியல்தான் படிப்பேன் என்றபோது, சொந்தபந்தம் முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டது. நான் மட்டும் சரி என்றேன்.

அவள் இப்போது வெளி மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிஎச்.டி. செய்கிறாள். வெளிநாட்டில் ஒரு சோதனைக்கூடத்தில் எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் எதிரெதிரே ஓடவிட்டு மோதவிடுகிறார்கள். அந்த மோதலில் பிறக்கும் பலவற்றில் சார்ம் மீசான் என்று ஒரு வகைத் துகள். அது பிறந்த மறுகணமே உடைந்து சிதறிவிடும். சிதறியதைப் பதிவு செய்து, பல நாட்டு ஆட்கள் சில நூறு பேர் அவரவர் ஊரில் உட்கார்ந்து கணினியில் ஆராய்கிறார்கள். என் மகள் அவர்களில் ஒருத்தி. அந்த மீசான் மூன்று துண்டாக உடையும் ஒரு வகையை மட்டும் பார்ப்பது அவளுக்குக் கொடுத்த வேலை.

போன கோடையில் லீவுக்கு வந்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் வெயில் கொளுத்துகிற நேரத்தில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

“அப்பா, பெரிய தாள்ல ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க. லேப்டாப்புல பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு.”

பென் டிரைவை வாங்கி, கோப்பை டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டுப் பிரிண்ட் கொடுத்தேன். எங்கள் தொழிலில் யாருமே பென் டிரைவிலிருந்து நேரடியாக அடிக்கமாட்டோம். பாதியில் சிஸ்டம் நின்றுவிடும், தாள் வீணாகும். அதனால் வருவதையெல்லாம் முதலில் டெஸ்க்டாப்பில் போடுவோம். வேலை முடிந்தபின் அதை யாரும் அழிப்பதுமில்லை.

தாளில் வந்தது கட்டம் போட்ட தளத்தின்மேல் புள்ளிகளால் ஆன ஒரு வளைகோடு. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. இறங்குகிற சரிவில் ஓரிடத்தில் சின்ன மேடு.

“இது என்னா பாப்பா, ஒட்டகத்து முதுகு மாதிரி?”

“மூணு துண்டுல ரெண்டை மட்டும் எடுத்துக்கோங்க,” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அந்த ரெண்டும் தனித்தனியா வந்திருந்தா, அதுங்களைச் சேத்து நிறையைக் கணக்குப் போட்டா அது பாட்டுக்கு இப்பிடிப் பரவலா வரும். ஆனா ரெண்டும் பிரியறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்னா சொல்லவே முடியாத நேரம், ஒரே துகளா இருந்திருந்தா, எப்பக் கணக்குப் போட்டாலும் ஒரே எடத்துல வந்து குவியும். இங்க குவியுது பாருங்க.”

“அப்ப இது புதுத் துகளா?”

“தெரியலப்பா. இந்த எடத்துல ஒண்ணு இருக்கணும்னு கணக்குப் போட்டுச் சொன்னவங்க இருக்காங்க. ஆனா வேற எதனாலயும் இப்பிடி மேடு வரும்.”

வேறு எதனால் வரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பிரிண்டரின் ஹெட்டில் ஒரு துளை அடைத்துக்கொண்டால் மணப்பெண் கன்னத்தில் இல்லாத கோடு விழும் என்பது தெரிந்தவன் நான். ஆனால் அப்போது என் காதில் ‘புது’ என்ற சொல் மட்டும்தான் நின்றது.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க,” என்றாள். “இது எங்க குரூப்புக்குள்ள மட்டும்தான். உள்ள இருக்கறவங்க எல்லாம் கேள்வி கேட்டு, நான் பதில் சொல்லி, சரின்னு ஆனப்புறம்தான் வெளிய காட்டணும். மூலையில போட்டிருக்குது பாருங்க, உள் உபயோகத்துக்கு மட்டும், முடிவானது இல்லைன்னு.”

“நான் யார்கிட்ட பாப்பா சொல்லப் போறன்?”

“மாமாகிட்ட.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவளுடைய மாமா, அதாவது என் மனைவியின் அண்ணன், ஒரு செய்தியை வாயில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் இறங்குவதற்குள் பஸ்ஸே அதைப் பேசிக்கொண்டிருக்கும்.

போகும்போது இன்னொன்றும் சொன்னாள். உள்ளே இருப்பவர்கள் சரி என்றுவிட்டால், அந்த வருடக் கடைசியில் நடக்கும் ஒரு மாநாட்டில் இதைப் பற்றி அவளே மேடையேறிப் பேசுவாள். பிஎச்.டி. முடித்து அடுத்த வேலை தேடுகிறவர்களுக்கு அப்படி ஒரு மேடை கிடைப்பது பெரிய விஷயமாம். “என் பேரை நாலு பேரு கேப்பாங்கப்பா,” என்றாள். அப்படி ஆசைப்பட்டு அவள் எதையும் சொல்லிக் கேட்டதில்லை நான். லீவு முடிந்து மொரப்பூரில் ரயில் ஏற்றிவிட்டபோது அவளைவிட எனக்குத்தான் அந்த மேடை கண்ணில் நின்றது.

அதற்கப்புறம் நல்லம்பள்ளியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தியில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் தூரத்துப் பங்காளி. அவர் மகன் போலீஸ் எஸ்.ஐ. ஆகியிருந்தான். அந்த பேனர் என் கடையில் அடித்ததுதான்.

“பொண்ணு இன்னும் படிச்சிக்கினே இருக்குதா?” என்றார்.

“ஆமாங்க. ஆராய்ச்சி.”

“முடிவே இல்லாத படிப்பா இருக்குதே. வயசு என்னா ஆவுது? எம் பையனுக்கு ஒரு வயசு மூப்புதான?” என்றுவிட்டு, பரிமாறுகிறவரைப் பார்த்து, “ரசம் ஊத்துப்பா,” என்றார்.

அவர் என்னை மட்டம் தட்ட நினைத்துக் கேட்டாரா, பொழுது போகாமல் கேட்டாரா, தெரியாது. எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தேன். எல்லார் பிள்ளைகளுக்கும் நான் பேனர் அடித்திருக்கிறேன். நீட் பாஸானவன், கபடியில் கப் வாங்கினவன், துபாய் போய் வந்தவன். என் பெண்ணைப் பற்றிக் கேட்டால் மட்டும் ‘படித்துக்கொண்டிருக்கிறாள்’ என்ற ஒரு வார்த்தையைத்தான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து இலையில் மச்சான். குனிந்து அவர் காதில் சொன்னேன்.

“பாப்பா ஒரு புதுத் துகள் கண்டுபிடிச்சிருக்குது. வெளிய சொல்லாதீங்க.”

“துகள்னா?”

“அணுவுக்கும் உள்ளாற இருக்கறது.”

மச்சான் கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “பேரு வெச்சாச்சா அதுக்கு?”

“இன்னும் இல்ல.”

“நம்ம குலசாமி பேர வெக்கச் சொல்லு மாப்ள.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். “என்னாங்க, பாப்பா சொல்ல வேணாம்னு சொல்லிச்சில்ல?”

“உங்கண்ணன்கிட்ட மட்டும்தான் சொன்னன்.”

“எங்கண்ணன்கிட்ட சொல்றதும் மைக் செட் கட்டிச் சொல்றதும் ஒண்ணுதான்.”

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போதே மச்சான் வாசலில் நின்றார். சவுக்குக் கட்டை, சட்டம் அடிக்கிற ஆள் எல்லாம் அவரே பேசி முடித்திருந்தார். “நீ அடிச்சி மட்டும் குடு. பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு, நம்ம ஊரு கைகாட்டிப் பலகைகிட்ட ஒண்ணு. அந்த எஸ்.ஐ. பேனருக்கு எதிர்லயே கட்டறன் பாரு.”

வேண்டாம் என்றேன். இன்னும் முடிவாகவில்லை என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார். டீ குடித்து முடிக்கும்வரை வேண்டாம் என்று சொன்னேன். அதற்குமேல் சொல்லவில்லை. இதை மச்சான் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. கிளாஸைக் கீழே வைத்தபோதே எந்த எழுத்துரு என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

என் வாழ்நாளில் அதைப்போல் ரசித்து எதையும் டிசைன் செய்ததில்லை. நடுவில் அவள் பட்டமளிப்புப் படம். கண்ணாடியில் அடித்திருந்த வெளிச்சத்தை எடுத்தேன். கீழே வட்ட வட்டமாகச் சொந்தக்காரர்கள் தலை. மேலே இரண்டு பக்கமும் நானும் மச்சானும். பின்னணிக்கு என்ன போடலாம் என்று தேடியபோது டெஸ்க்டாப்பில் அந்தப் படம் கிடந்தது. விரித்துப் பின்னால் போட்டேன். மேடு சரியாக அவள் தோளுக்குப் பின்னால் சூரியன் எழுவதுபோல் வந்தது. ‘உலகமே வியக்கப் புதிய துகளைக் கண்டுபிடித்த எங்கள் குலவிளக்கே, வருக வருக’ என்று போட்டேன். அவள் வந்து, திரும்பியும் போய்விட்டாள். இருந்தாலும் வருக வருக என்று போட்டேன், பழக்கம்.

மச்சானின் தலை வரவேண்டிய இடத்தில் அந்தச் சாம்பல் எழுத்து இருந்தது. அவர் நெற்றிக்கு மேலே பாதி, காதுக்குப் பக்கத்தில் பாதி. பக்கத்திலிருந்த வெறுங்கட்டத்தை நகலெடுத்து அதன்மேல் தடவினேன். மறைந்துவிட்டது. அதைப் படிக்கக்கூட இல்லை. மகள் விரலை வைத்துக் காட்டிய எழுத்து என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை. எனக்கு அது ஸ்டுடியோ பெயர் மாதிரி ஒரு அழுக்கு.

பேனர் நின்றது. வேலையே இல்லாமல் பேருந்து நிலையத்துப் பக்கம் போய்ப்போய் வந்தேன். தக்காளிக் கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு பொண்ணுங்க இது, மூக்கும் முழியுமா?”

“எம் பொண்ணுங்க.”

“டாக்டருங்களா?”

“அதுக்கும் மேலங்க,” என்றேன்.

அந்த ஒரு பதிலை நினைத்தால் இப்போதும் தனியாக இருக்கும்போதுகூட முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

மச்சான் அதை ஸ்டேட்டஸில் வைத்தார். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் பெங்களூரில் எம்.எஸ்சி. படிக்கிறான், அவன் அதைத் தன் நண்பர்கள் குழுவில் போட்டான். அங்கிருந்து யார் வழியாகவோ என் மகளுடைய குழுவைச் சேர்ந்த ஒருவருக்கே போய்விட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது அவள் போன் வந்தது மட்டும்தான்.

“அப்பா, அந்த பேனர் நீங்க அடிச்சதா?”

“புடிச்சிருக்குதா பாப்பா?” என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று செல்லைப் பார்த்தேன்.

“மூலையில இருந்த எழுத்து எங்கப்பா?”

“எந்த எழுத்து?” நான் நடிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தேன். பிறகு ஞாபகம் வந்தது. “அது... மாமா தலைக்குப் பின்னாடி போயிருக்கும்.”

“இல்லப்பா. பெரிசு பண்ணிப் பாத்தேன். அங்க கட்டத்தைத் தடவி ஒட்டிருக்குது.” அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “நான்தான் அழிச்சன்னு நினைக்கறாங்க. முடிவாகாத ஒண்ணை முடிஞ்ச மாதிரிக் காட்டறதுக்கு நானே அழிச்சிட்டு வெளிய விட்டன்னு. நான் என்னான்னு சொல்றது?”

நான் சொன்ன பொய்க்காக அவள் என்னை எதுவும் சொல்லாமல் விட்டதைக் கவனித்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். நல்ல கூட்ட நேரம். கட்டுக்கம்பி ஒவ்வொன்றாக அறுந்து, என் மகளின் முகம் பாதியாக மடிந்து தொங்கியது. டீக்கடைக்காரர் வெளியே வந்தார்.

“என்னாங்ணா, அதுக்குள்ள எறக்கறீங்க? எவனாச்சும் பிரச்சனை பண்றானா?”

“எழுத்துல ஒரு தப்பு.”

“உங்க கடையிலயா? தப்பா? ஒரு எழுத்துதான, மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டாப் போவுது. எம் பேத்தி காது குத்துக்கு அப்பிடித்தான பண்ணீங்க?”

சுருட்டி வண்டியில் கட்டினேன், ஊர்க் கைகாட்டியில் இருந்ததையும் இறக்க வேண்டும். எதிரே எஸ்.ஐ. பையன் பேனரில் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் அவளுடைய பேராசிரியர் என்னிடமே பேச வேண்டும் என்றார். வீடியோ அழைப்பு. பேராசிரியர் நடுத்தர வயது அம்மா. கூட வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர். இன்னொரு சின்னக் கட்டத்தில் என் மகள், ஆனால் கேமராவை அணைத்து வைத்திருந்தாள். அவள் பெயரின் முதலெழுத்து மட்டும் தெரிந்தது. நான் கடையில் மிஷினுக்கு முன்னால் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்.

அந்த எழுத்தை யார் அழித்தது என்று கேட்டார்கள். நான் என்றேன். மகள் சொல்லி அழித்தீர்களா? இல்லை, அவள் யாருக்கும் காட்டாதே என்றுதான் சொன்னாள். பிறகு ஏன் அழித்தீர்கள்?

மனப்பாடம் செய்ததில் இதற்குப் பதில் இல்லை. “பார்க்க நன்றாக இல்லை, மேடம்,” என்றேன் ஆங்கிலத்தில். என் காதுக்கே அது ஒரு குழந்தை சொல்வதுபோல் கேட்டது.

பேனரைப் பார்க்க முடியுமா என்றார் வெளிநாட்டுக்காரரில் வயதானவர். தரையில் விரித்து, செல்லைத் திருப்பிக் காட்டினேன். பிறகு அவர், கீழே வட்டங்களில் இருப்பவர்கள் யார் என்று கேட்டார். சொந்தக்காரர்கள் என்றேன். இவர்களும் இந்த ஆய்வில் பங்கு பெற்றவர்களா என்று கேட்டார். அவர் நிஜமாகக் கேட்டாரா, கேலி செய்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இல்லை சார் என்றேன். யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டது கேட்டது. என் மகளின் கட்டம் கறுப்பாகவே இருந்தது. அந்தக் கறுப்புக்குப் பின்னால் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்காத நாளில்லை.

அவள் அழிக்கவில்லை என்பதை நம்பினார்கள். ஆனால் குழுவுக்குள் இருக்க வேண்டியதை வெளியே கொண்டுபோனது அவள் தப்புதான் என்றார்கள். அவள் பார்த்த வேலையை இன்னொரு மாணவர் தொடக்கத்திலிருந்து தனியாகச் செய்து பார்ப்பார். அது முடியும்வரை அவள் அதைப் பற்றி எங்கேயும் பேசக்கூடாது. மாநாட்டில் அவள் இல்லை. மகள் இதையெல்லாம் பஸ் நேரம் சொல்வதுபோல் போனில் சொல்லிவிட்டு, “உங்களைச் சொல்லி என்னாப்பா. நான் அங்க பிரிண்ட் எடுக்க வந்ததே தப்பு,” என்றாள்.

அங்க. கடை என்றுகூடச் சொல்லவில்லை.

அதன்பிறகு அம்மாவிடம் மட்டும்தான் பேசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மனைவியின் பதில்களை வைத்து அவள் கேள்விகளை ஊகித்துக்கொள்வேன். “சாப்பிட்டாரு,” என்பாள் மனைவி. அந்த ஒரு பதிலுக்காகவே உட்கார்ந்திருப்பேன். அவள் படிப்பை நிறுத்திவிடுவாளோ, சரியாகச் சாப்பிடுகிறாளோ இல்லையோ, விடுதியில் தனி அறை என்றாளே என்று என்னென்னவோ ஓடும். கேட்கவும் முடியாது. கேட்கிற யோக்கியதையை நான்தான் என் கையால் அழித்திருந்தேன்.

மழைக்காலம் வந்தது. கடையில் மிஷினுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த இரண்டு பேனர்களில் ஒன்றைக் காணவில்லை. தேடிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். ஆட்டுக் கொட்டகைமேல் கிடந்தது. எழுத்துப் பக்கத்தைக் கீழாகக் கவிழ்த்துப் போட்டு, மேலே கல் வைத்திருந்தார்.

“அதை எடுங்க மச்சான்.”

“மழயில ஆடு நனையுது மாப்ள. கெட்டித் துணி, வீணாத்தான கெடக்குது? அதான் கவுத்துப் போட்டுட்டன்ல. வெளியிலருந்து ஒண்ணும் தெரியாது.”

குனிந்து கொட்டகைக்குள் போனேன். மேலே வெளிச்சம் பட்டு என் மகள் முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் அந்த மேடு. அதில் தண்ணீர் தேங்கிக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஆடுகள் அசைபோட்டபடி என்னைப் பார்த்தன. நான் வெளியே வந்தபோது மச்சான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பாப்பா எங்கிட்டயும் பேசறதில்ல. நல்ல நாளுக்குப் போன் பண்ணன். எடுக்கல.”

கடத்தூர் போய் ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கி வந்து கட்டிக்கொடுத்தேன். இரண்டு பேனரையும் கடைக்குக் கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்டினேன். முகம் இருந்த துண்டுகளை மட்டும் வெட்ட மனம் வராமல் சுருட்டி வைத்தேன். பிறகு அவற்றையும் வெட்டினேன்.

தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலையில் என் செல்லுக்கே கூப்பிட்டாள். அந்த இன்னொரு மாணவர் வேலையை முடித்துவிட்டாராம்.

“மேடுல பாதிக்கு மேல போயிருச்சுப்பா,” என்றாள். “பையான்னு ஒரு துகள், கேயான்னு ஒரு துகள். நான் பாத்த வகையில உடைஞ்சா கேயான்தான் வரணும். ஆனா வேற வகையில உடைஞ்சு வந்த பையானைக் கருவி சில சமயம் கேயான்னு எடுத்துக்கிச்சு. ஆளு மாறி உள்ள வந்ததெல்லாம் அதே எடத்துல போய்க் குவிஞ்சிருக்குது. நானும் அதுக்குக் கழிச்சிருந்தேன். கழிச்சது பத்தல.”

“மிச்சம்?”

“மிச்சம் சின்னதா அதே எடத்துல நிக்குது. இருக்குதுன்னு அடிச்சிச் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. இன்னும் டேட்டா வரணும். அறிகுறின்னு வேணா சொல்லலாம்.”

“அப்ப நான் பேனர்ல போட்டது...”

“பொய்தான்பா,” என்றாள். கொஞ்சம் விட்டு, “நானும் அதை நம்பினேன்ல,” என்றாள்.

மறுநாள் இதைக் கேள்விப்பட்ட மச்சான் துள்ளினார். “பாத்தியா மாப்ள! நம்ம பேனர் வெச்சதாலதான் மறுபடி கணக்குப் போட்டாங்க. இல்லைன்னா பாப்பா மேடையில தப்பாப் பேசி மாட்டிக்கினு இருக்கும்.” எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் உண்டு. ராத்திரி முழுக்க நானும் அதையே நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். மகளிடம் கேட்டபோது இல்லை என்றாள். உள்ளே இருப்பவர்கள் கேள்வி கேட்பதே அதைப் பிடிக்கத்தான். எப்படியும் பிடித்திருப்பார்கள். அப்போது அவளே திருத்தியிருப்பாள். திருத்தியதை அவளே மேடையில் சொல்லியிருப்பாள். நான் அவளிடமிருந்து எடுத்தது அதைத்தான்.

பொங்கலுக்கு வந்தாள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் ரேஷன், அம்மாவின் மூட்டுவலி என்று பேசினாள். வேறெதுவும் பேசவில்லை. திரும்பிப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் கடைக்கு வந்து, வாசலிலேயே நின்றாள்.

“இன்ஸ்டிடியூட்ல மாணவர்களுக்கு ஒரு கூட்டம் வெச்சிருக்காங்க. போஸ்டர் ஒட்டலாம்னு மேடம் சொல்லிட்டாங்க. ஒண்ணு அடிக்கணும்பா.”

அவள் இருக்கிற ஊரில் தெருவுக்கு ஒரு பிரிண்ட் கடை இருக்கும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

பென் டிரைவைச் செருகினாள். பழக்கத்தில் கோப்பை டெஸ்க்டாப்புக்கு இழுத்தேன். அவள் கை வந்து மவுஸின்மேல் இருந்த என் கைமேல் நின்றது.

“டெஸ்க்டாப்புல போட வேணாம். நேரா அதுலருந்தே குடுங்க.”

“பாதியில நின்னுடும் பாப்பா.”

“நின்னா மறுபடி குடுக்கலாம்.”

கொடுத்தேன். நிற்கவில்லை. ஹெட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட, போஸ்டர் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. முதலில் வந்தது வலது மேல் மூலைதான். சாம்பல் நிறத்தில் ஆங்கிலத்தில், முதற்கட்ட முடிவு என்று இருந்தது. பிறகு தலைப்பு. தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி. பிறகு அந்த வளைகோடு. மேடு இருந்த இடத்தில் இப்போது தெரிந்து பார்த்தால்தான் தெரிகிற ஒரு சின்னப் புடைப்பு. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் கண் மூலைக்குப் போனது. சாம்பல் கொஞ்சம் வெளிறி வந்திருந்தது.

“பாப்பா, இந்த எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் கருப்பு ஏத்தி அடிக்கட்டுமா? தூரத்துலருந்து பாத்தாத் தெரியாது. இதுதானே முக்கியம்?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை அதில். சலிப்பும் இல்லை. சொல்லித் தீராத ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“இருக்கற மாதிரியே இருக்கட்டும்பா.”

சரி என்றேன். நல்லது செய்வதாக நினைத்து நான் மறுபடியும் அதே மூலைக்குத்தான் போயிருந்தேன்.

மை காய்ந்ததும் நான் ஓரம் வெட்டிச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டேன். அவள் பென் டிரைவைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு மவுஸைப் பிடித்து, டெஸ்க்டாப்பில் கோப்பு ஏதாவது தங்கியிருக்கிறதா என்று தேடத் தொடங்கினாள். நான் பார்க்கிறேனா என்று ஒரு கணம் தயங்கியது தெரிந்தது.

நான் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், அவள் நன்றாகப் பார்த்து முடிக்கட்டும் என்று.